நகல் இருக்கிறது, திறந்து பார்த்தீர்களா?

555 புத்தகத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குறிப்புப் புத்தகத்தில்தான் மளிகைக் கடைக்காரர்கள் நம் வீட்டுக் கடன் கணக்கை எழுதி வைத்தார்கள். அரிசி இவ்வளவு, சீனி இவ்வளவு, சம்பள நாளில் கொடுக்க வேண்டியது இவ்வளவு. புத்தகம் தொலைந்தால் கடைக்காரருக்கு நட்டம். கூட்டி எழுதினால் நமக்கு நட்டம்.

இன்று கைப்பேசியில் ஒரு புடவை வாங்கினாலும் எங்கோ ஓரிடத்தில் அதே கணக்குதான் எழுதப்படுகிறது. அந்தப் புத்தகத்துக்கு இப்போது தரவுத்தளம் என்று பெயர். இணையக் கடைகளின் தரவுத்தளங்களைப் பராமரிப்பது என் தொழில் என்பதால், பெக்கான் நானாஸில் என்னைப் பார்ப்பவர்கள் பக்கத்து கூலாய் மாவட்டத்தில், செடெனாக் பகுதியில் எழும்பியுள்ள தரவு மையங்களைப் பற்றி விசாரிப்பார்கள். "இவ்வளவு பெரிய கட்டடத்துக்குள்ள என்னதான் தம்பி இருக்கு?" என்பார்கள். வரிசை வரிசையாகக் கணினிகள், அவற்றைக் குளிரவைக்கும் கருவிகள், ஏராளமான மின்சாரம். கணினி பழுதானால் இன்னொன்று வாங்கிவிடலாம். அதற்குள் எழுதியிருக்கும் கணக்கு அழிந்தால் அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அந்தக் கணக்கை எழுதும் முறைக்கு அடிப்படை போட்டவர் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட். 1970இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, விவரங்களை அட்டவணைகளாகப் பிரித்து ஒன்றோடொன்று தொடர்புபடுத்தச் சொன்னது. வாடிக்கையாளருக்கு ஓர் அட்டவணை, பொருளுக்கு ஒன்று, ஆர்டருக்கு ஒன்று. நீங்கள் புடவை வாங்கும்போது இருப்பில் ஒன்று குறைய வேண்டும், ஆர்டர் பதிவாக வேண்டும், பணம் வரவாக வேண்டும். நடந்தால் மூன்றும் நடக்க வேண்டும். இல்லையேல் எதுவும் நடக்கக் கூடாது. கடைசிப் புடவையை இருவர் ஒரே நொடியில் அழுத்தினால், தரவுத்தளம் ஒருவரின் வேலை முடியும்வரை மற்றவரை நிறுத்தி வைக்கும். 2019 நவம்பர் 11 விற்பனையின் உச்சத்தில் அலிபாபாவுக்கு நொடிக்கு 544,000 ஆர்டர்கள் வந்தன. அந்த நெரிசலிலும் இதே ஒழுங்குதான் தேவை.

இத்தனை கவனமாக எழுதிய கணக்கும் ஒரே கட்டளையில் அழியக்கூடும். மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் கிட்லேப் சேவைக்கு 2017 ஜனவரி 31ஆம் தேதி அதுதான் நடந்தது. அது கடையல்ல, ஆனால் இதே வகைத் தரவுத்தளத்தில் இயங்குவது. இரவு வெகுநேரம் கோளாறு ஒன்றைச் சரிசெய்து கொண்டிருந்த பொறியாளர், துணைச் சேவையகத்தில் கொடுக்க வேண்டிய அழிப்புக் கட்டளையை முதன்மைச் சேவையகத்தில் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட் மட்டுமே மிஞ்சியிருந்தது.

யார்தான் தவறு செய்யவில்லை! அதற்காகத்தானே நகல் எடுத்து வைக்கிறோம். அவர்களிடமும் தினமும் தானாக நகல் எடுக்கும் ஏற்பாடு இருந்தது. ஆனால் நகல் எடுக்கும் மென்பொருளின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாததால் அந்த வேலை தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. நகல் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு சோதனைக்காக எடுத்த பிரதி ஒன்று தற்செயலாக இருந்ததால் பிழைத்தார்கள். சேவை முழுமையாகத் திரும்ப ஏறக்குறைய 18 மணி நேரம் ஆனது. நடந்ததை அவர்கள் மறைக்காமல் எழுதி வெளியிட்டதால்தான் என்னைப் போன்றவர்கள் பாடம் படிக்க முடிந்தது.

"எங்களுக்கு இரண்டு சேவையகங்கள் இருக்கின்றன, ஒன்றில் எழுதுவது உடனே மற்றதிலும் பதிகிறது, பிறகென்ன பயம்?" என்று கடை முதலாளிகள் கேட்பதுண்டு. எழுதுவது உடனே பதிகிறது என்றால், அழிப்பதும் உடனே பதியும். இயந்திரம் பழுதானால் இரண்டாவது சேவையகம் கைகொடுக்கும். மனிதக் கை தவறினால் அது உதவாது. அதற்கு நேற்றைய நகல் ஒன்று தனியாக, வேறோர் இடத்தில் இருக்க வேண்டும்.

இது பெரிய நிறுவனங்களின் கவலை மட்டுமல்ல. நம் ஊரில் வீட்டிலேயே அன்னாசி ஜாம் பலகாரம் செய்து விற்கும் ஓர் அக்காவைத் தெரியும். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவருடைய கைப்பேசி தண்ணீரில் விழுந்தது. ஆர்டர், முகவரி, முன்பணம் எல்லாம் அதில்தான். தானாக நகல் எடுக்கும் வசதியை அவர் என்றோ முடுக்கியிருந்தார். இணையச் சேமிப்பில் இடம் நிறைந்ததால் பல மாதங்களாக நகல் எடுப்பது நின்றுபோயிருந்தது அவருக்குத் தெரியாது. கடைசியில், பணம் கட்டினேன் என்று சொன்ன அத்தனை பேருக்கும் கேள்வி கேட்காமல் பலகாரம் கொடுத்தார். "என்னை நம்பிக் காசு கொடுத்தவங்ககிட்ட ஆதாரம் கேட்டா, அடுத்த வருசம் யாருப்பா வருவா?" என்றார். அந்த ஆண்டு அவருக்கு லாபம் என்று எதுவும் நிற்கவில்லை.

கிட்லேப்புக்கும் அக்காவுக்கும் நேர்ந்தது ஒன்றுதான். இருவரும் நகல் இருப்பதாக நம்பினார்கள். அதைத் திறந்து பார்த்ததில்லை. எங்கள் தொழிலில் மாதம் ஒருமுறை நகலை வேறொரு கணினியில் ஏற்றுவோம். ஆர்டர்களின் எண்ணிக்கையையும் அன்றைய விற்பனைத் தொகையையும் மூலத்தோடு ஒப்பிடுவோம். மீட்டெடுக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்று குறித்து வைப்போம். கடை எத்தனை மணி நேரம் மூடிக்கிடக்கும் என்று முதலாளி கேட்டால், ஊகிக்காமல் பதில் சொல்ல அந்தக் குறிப்புதான் உதவும்.

வீட்டில் வியாபாரம் செய்பவர்களுக்கு இவ்வளவு வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். ஆர்டர் பட்டியலின் நகலைப் பிள்ளைகளின் கணினியிலோ வேறு கைப்பேசியிலோ திறந்து பாருங்கள். அதில் கடைசியாக இருப்பது நேற்றைய ஆர்டரா என்று கவனியுங்கள். இல்லை என்றால், அடுத்த ஆர்டரை வாங்குவதற்கு முன் அதைச் சரிசெய்துவிடுங்கள்.