புலி வேஷம் போதும் சாமிகளா!

போன மாசம் ஒரு பள்ளிக்கூடத்துல மாடல் கண்காட்சி. என்னையும் ஒரு மேஜை போடச் சொல்லியிருந்தாங்க. நாலு டாங்கியைப் பழைய வேட்டித் துணியில சுத்தி, அட்டைப்பெட்டியில அடுக்கி, பைக்ல முன்னாடி வச்சுக்கிட்டுப் போய்ச் சேர்ந்தேன்.

பக்கத்து மேஜைக்காரர் ஜெர்மன் டைகர் டாங்கி மட்டும் ஏழு வச்சிருந்தார். எல்லாம் 1/35 அளவு. கண்ணாடிப் பெட்டி, கறுப்பு மரப் பீடம், பித்தளைப் பெயர்ப்பலகை. சேறு, துரு, பெயிண்ட் உரிஞ்ச கீறல் எல்லாம் அச்சு அசல். பொய் சொல்லக்கூடாது, பிரமாதமான கைவேலை.

ஆறாங்கிளாஸ் படிக்கிற ஒரு பையன் வந்தான். ஏழையும் பார்த்துட்டு, "அங்கிள், எல்லாம் ஒரே வண்டிதானே? எதுக்கு ஏழு?"ன்னு கேட்டான்.

"தொடாதே தம்பி."

அவ்வளவுதான் பதில்.

அடுத்து என்கிட்ட வந்தான். டி-55 ஒரு கையில, டி-72 இன்னொரு கையில கொடுத்து, "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், கண்டுபிடி பார்ப்போம்"னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல அஞ்சு சக்கரம், அதுல ஆறு. அஞ்சு சக்கர வண்டியில முதல் சக்கரத்துக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல மட்டும் இடைவெளி ஜாஸ்தி"ன்னான். ஒரு டாங்கிப் படை சிப்பாய்க்குச் சொல்லிக்கொடுக்குற முதல் பாடமே இதுதான். யாரும் சொல்லாமலே ரெண்டு நிமிஷத்துல பிடிச்சுட்டான். டி-55-ஓட ஆன்டெனாவையும் உடைச்சுட்டான், அது போகட்டும்.

சாயங்காலம் முதல் பரிசு ஏழு புலிகளுக்கு. உனக்கு வயித்தெரிச்சல்னு சொல்றீங்களா? கொஞ்சம் இருக்கு, ஒத்துக்கறேன் :-) ஆனா இந்தப் பதிவு அதைப் பத்தி இல்லை. அந்தத் "தொடாதே" பத்தி.

டாங்கி மாடலுக்கு ரெண்டு பரம்பரை இருக்கு. ஒண்ணு அலமாரிப் பரம்பரை. இன்னொண்ணு வகுப்பறைப் பரம்பரை. நம்மாளுங்க ரெண்டாவதைச் சுத்தமா மறந்துட்டாங்க.

முதல்ல அலமாரி. இன்னிக்கு உலகம் முழுக்க டாங்கி மாடலுக்கு 1/35தான் பெரிய அளவுகோல். இந்த 35 எங்கேர்ந்து வந்துச்சு? ஜப்பானோட ஷிசுவோகா நகரத்துல மரக்கடையா ஆரம்பிச்ச கம்பெனி தமியா. 1960களின் தொடக்கத்துல அவங்க பேந்தர் டாங்கியை பிளாஸ்டிக்ல செஞ்சாங்க. மோட்டார் வச்சு ஓடுற மாடல். உள்ளே மோட்டாரும் ரெண்டு பேட்டரியும் உட்காரணும். அதுக்கு எவ்வளவு பெரிய உடம்பு வேணுமோ அவ்வளவு பெருசா செஞ்சாங்க. அப்புறம் கணக்குப் பார்த்தா கிட்டத்தட்ட 35-ல ஒரு பங்கு. அவ்வளவுதான் ரகசியம்! பேட்டரி தீர்மானிச்ச அளவை வச்சுக்கிட்டு, "ஆணி கால் மில்லிமீட்டர் தள்ளியிருக்கு"ன்னு இன்னிக்கு நாம சண்டை போடறோம்.

இப்ப வகுப்பறை. 1942-ல அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவர்கள்கிட்ட 5 லட்சம் விமான மாடல் செஞ்சு கொடுங்கன்னு கேட்டது. அலங்காரத்துக்கு இல்லை. பீரங்கிக்காரனுக்கு "வர்றது நம்மாளா எதிரியா"ன்னு கண்ணுக்குப் பழக்க. அளவு 1/72. கணக்கைப் பாருங்க: அந்த மாடலை 35 அடி தள்ளி வச்சுப் பார்த்தா, நிஜ விமானத்தைக் கிட்டத்தட்ட அரை மைல் தூரத்துல பார்க்கிற மாதிரி. அதே போர்க்காலத்துல டாங்கிகளுக்கு 1/108 அளவுல மாடல் வந்துச்சு. பின்னாடி ஆஸ்திரியாவோட ரோக்கோ கம்பெனி 1/87-ல செஞ்ச குட்டி டாங்கிகளை அமெரிக்க ராணுவமே பயிற்சிக்கு வாங்கிப் பயன்படுத்துச்சு. இதெல்லாம் கைக்குக் கை மாறி, பெயிண்ட் தேய்ஞ்சு, குழல் வளைஞ்சு போன மாடல்கள். எந்தக் கண்காட்சியிலயும் இதுக்குப் பரிசு கிடைக்காது.

"சரிப்பா, அதனால இப்ப என்ன?"ன்னு கேப்பீங்க. உயிர்தான்.

1991 வளைகுடாப் போர்ல சண்டையில செத்த அமெரிக்கர்கள் 148 பேர். அதுல 35 பேர் தங்கள் தரப்புக் குண்டுலயே செத்தவங்க. கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர்! 1991 பிப்ரவரி 26-ம் தேதி ரெண்டு பிரிட்டிஷ் வாரியர் கவச வண்டிகளை அமெரிக்க ஏ-10 விமானங்கள் தாக்கினதுல ஒன்பது வீரர்கள் போனாங்க. 2003 மார்ச்ல பாஸ்ராவுக்குப் பக்கத்துல ஒரு பிரிட்டிஷ் சாலஞ்சர் 2 டாங்கி, இன்னொரு சாலஞ்சர் 2-வைச் சுட்டு ரெண்டு பேர் இறந்தாங்க. அதே மாசம் 28-ம் தேதி மறுபடியும் ஏ-10. இந்த முறை சிமிட்டர் வண்டிகள். "நாங்க உங்காளுங்க"ன்னு காட்டத்தான் மேலே ஆரஞ்சுப் பலகை போட்டிருந்தாங்க. அதை ஆரஞ்சு ராக்கெட்டுன்னு விமானிகள் முடிவு பண்ணிட்டாங்க. ஒரு வீரர் இறந்தார்.

நம்ம பக்கம் வாங்க. 1965 போர்ல ஷெர்மன் டாங்கி இந்தியாகிட்டயும் இருந்துச்சு, பாகிஸ்தான்கிட்டயும் இருந்துச்சு. 1971-ல நம்மகிட்ட டி-55, அவங்ககிட்ட டி-59. டி-59ங்கறது டி-54-ஓட சீனப் பிரதி. தூரத்துலேர்ந்து பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒரு வித்தியாசம் சொல்றேன். டி-54, டி-59 கோபுரத்து மேல முன்பக்கமா காளான் மாதிரி ஒரு சின்ன காத்துப்போக்கி மூடி இருக்கும். டி-55-ல இருக்காது. 1/35-ல அது பட்டாணி அளவுகூட வராது. ஆணி எண்ணுற நம்ம கூட்டத்துக்கு இது வெறும் "கிட்ல தப்பு". தூசிக்கு நடுவுல உட்கார்ந்து விசையில விரல் வச்சிருக்கிறவனுக்கு அதோட அர்த்தமே வேற.

இதான் என் கோபம். நாம கத்துக்கிட்ட நுணுக்கத்துக்கு ஒரு காரணம் இருந்துச்சு. காரணத்தைத் தூக்கிப் போட்டுட்டு நுணுக்கத்தை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள பூட்டி வச்சிருக்கோம்.

அதுலயும் இந்தப் புலி மோகம் இருக்கே! டைகர் முதல் ரகம் மொத்தம் செஞ்சது 1,350 சுமாருக்குத்தான். ஷெர்மன் 49 ஆயிரத்துக்கும் மேல. மாடல் கடைக்குப் போனா ஹிட்லர்கிட்ட டைகரைத் தவிர வேற வண்டியே இல்லைங்கற மாதிரி அடுக்கியிருக்கும். வண்டியோட நின்னாலும் பரவாயில்லை. கூடவே "டாங்கி வீரன்" வழிபாடு. மிஷேல் விட்மன் பேரைச் சொல்லும்போதே நம்மாளுங்க குரல் தழுதழுக்குது. அவர் வாஃபன் எஸ்.எஸ். அதிகாரிங்க. 1946 நியூரம்பர்க் தீர்ப்பு குற்ற அமைப்புன்னு அறிவிச்ச அதே எஸ்.எஸ். பீடத்துல பித்தளையில பேர் பொறிக்கிறவர் அந்த ஒரு வரியையும் சேர்த்துப் பொறிக்கட்டும். நான் அதுக்குக் கைதட்டறேன்.

எதிர்ப்பக்கம் என்ன சொல்வாங்கன்னு தெரியும்.

"இது கலை. கலைக்குப் பயன் கேட்கலாமா?" தாராளமா கலைதான். அந்தத் துருவை வரைஞ்ச கை என்கிட்ட இல்லை. ஆனா அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு ஏழு வண்டி வச்சிருந்தவர்கிட்ட பதில் இல்லை. டைகர் முதல்ல வந்ததுக்கும் கடைசியில வந்ததுக்கும் சக்கரமே வேற: ரப்பர் விளிம்புச் சக்கரம் போய் இரும்புச் சக்கரம் வந்துச்சு. அதைக் காட்டியிருந்தாலே ஏழுக்கும் அர்த்தம் கிடைச்சிருக்கும். தெரியாதவரா அவர்? எல்லாம் தெரியும். சொல்லணும்னு தோணலை.

"கம்ப்யூட்டர் வந்தாச்சு, இனிமே பொம்மை எதுக்கு?" பாதி சரி. ராத்திரியில வெப்பக் கேமராவுல டாங்கி எப்படித் தெரியும்னு பிளாஸ்டிக் சொல்லித்தராது. அமெரிக்க ராணுவம் அதுக்குன்னே ராக்-வி-ன்னு ஒரு மென்பொருள் வச்சிருக்கு. நான் மறுக்கலை. ஆனா மணல் மேஜையைச் சுத்தி எட்டு பேர் நின்னு, "இது மேட்டுக்குப் பின்னாடி நின்னா உனக்கு எது தெரியும்?"னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கறது திரையில அவ்வளவு சுலபமா நடக்காது. கை தொட்டதைக் கண்ணு மறக்காது.

"மாடல் பார்த்திருந்தா அந்த 35 பேர் பிழைச்சிருப்பாங்களா?" அப்படி நான் சொல்லவே இல்லை. ரேடியோ, வரைபடம், அவசரம், பயம், தூரம்னு அதுக்கு நூறு காரணம் உண்டு. 2003-ல விமானிகளுக்குக் கண்ணு தெரிஞ்சது, நிறம்கூடத் தெரிஞ்சது. பார்த்ததை மனசு மாத்திடுச்சு. பார்க்கிறது வேற, அடையாளம் காண்றது வேறங்கறதுதான் பாடம். அந்தப் பாடத்தை 12 வயசுல சொல்லிக்கொடுக்க நம்ம கையில ஒரு அருமையான கருவி இருக்கு. அதுமேல "தொடாதே"ன்னு எழுதி ஒட்டிட்டோம்.

"சின்னப் பசங்க கையில போர் பொம்மையா?" நியாயமான கேள்வி. என் பதில்: சுடறதுக்கு யாருக்கும் மாடல் வேண்டாம். சுடாம இருக்கத்தான் மாடல் வேணும்.

கடைசியா வீட்டுக் கதை ஒண்ணு. எங்கப்பா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில வேலை பார்த்தவர். 1965-ல அங்கேர்ந்து முதல் விஜயந்தா வெளியே வந்துச்சு. அப்பா அதுக்குப் பல வருஷம் கழிச்சுச் சேர்ந்தாலும், அவர் கை வச்ச வண்டி அதுதான். நான் போன கடைகள்ல புலி இருந்துச்சு, சிறுத்தை இருந்துச்சு, விஜயந்தா கிட் மட்டும் கண்ணுல படலை. பிளாஸ்டிக் தகடு, ரீஃபில் குழாய், பழைய ஷெர்மன் உதிரி எல்லாம் போட்டு மூணு மாசம் நானே செஞ்சேன். கொண்டுபோய் அப்பா கையில கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். பாராட்டுவார்னு நின்னேன்.

"டேய், கீழ் சக்கரம் ஆறு சரி. செயினை மேலே தாங்குற ரோலர் மூணுடா. நீ ரெண்டுதான் வச்சிருக்க."

முப்பது வருஷம் ஆகியும் விரல் நுனியில இருக்கு. கண்ணாடிப் பெட்டி வழியாப் பார்த்திருந்தா அவருக்கும் தெரிஞ்சிருக்காது, எனக்கும் திட்டு விழுந்திருக்காது :-)

அதனால நம்ம ஆளுங்களுக்கு ரெண்டே ரெண்டு வேண்டுகோள்.

ஒண்ணு: அடுத்த கண்காட்சியில மேஜைக்கு ஒரு மாடலாவது தொட்டுப் பார்க்க வைங்க. ஆன்டெனா உடையும். அஞ்சு ரூபா கம்பி, ஒட்டிக்கலாம்.

ரெண்டு: உங்க 1/35 டாங்கியை எடுத்துக்கிட்டு ராத்திரி வேண்டாம், பட்டப்பகல்ல தெருவுக்கு வாங்க. காம்பவுண்டு சுவர் மேல வச்சுட்டு இருபத்தெட்டரை மீட்டர் நடங்க. திரும்பிப் பாருங்க. நிஜ டாங்கி ஒரு கிலோமீட்டர் தூரத்துல நின்னா இவ்வளவுதான் தெரியும். நீங்க ஆறு மாசம் தீட்டின துரு தெரியாது. பித்தளைப் பலகை தெரியாது. உருவம் மட்டும்தான் தெரியும். அதை வச்சு "நம்மாளா, இல்லையா" சொல்லணும். அதுக்கு உங்களுக்குக் கிடைக்கிறது சில நொடி.

நான் எங்க தெருவுல செஞ்சு பார்த்தேன். நானே செஞ்ச விஜயந்தா, நானே வச்ச இடம். ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.