மண்டோதரியின் பாட்டை வெட்டாதீர்கள்

மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தில் இராவணன் புதியவன் அல்ல. ஆனால் 1960களின் நடுப்பகுதியில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மேடையேறிய ‘இராவணேசன்’ அவனை வேறொருவனாகக் காட்டியது. நெறிப்படுத்தியவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். எழுதி, இராவணனாகவும் ஆடியவர் நமது அமிர்தகழி மண்ணின் மைந்தர் சி. மௌனகுரு. கைலாயத்தை அசைத்தவன், குபேரனிடமிருந்து இலங்கையைப் பறித்தவன், தன் ஆசைக்குத் தானே இரையாவதைச் சபை கண்டது.

நாடகமும் அரங்கியலும் படிப்பித்த காலத்தில் மாணவர்களுக்கு இவனையும் மக்பெத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்வேன். மக்பெத் தயங்குகிறான், மனைவி அவனை உந்தித் தள்ளுகிறாள். இலங்கையில் நடப்பதோ நேர்மாறு. மண்டோதரி மன்றாடுகிறாள். விபீடணன் புத்தி சொல்லி, அதற்காகவே துரத்தப்படுகிறான். கும்பகர்ணன் பிழை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் அண்ணனுக்காகச் சாகப் போகிறான். கம்பனில் இந்திரசித்துகூட, கடைசிப் போருக்குப் போகுமுன், சீதைமேல் வைத்த ஆசையை விடச் சொல்கிறான். இத்தனை பேரும் சொல்லியும் கேளாதவன் இராவணன். தெரியாமல் விழுந்தவன் என்று அவனைச் சொல்ல முடியாது. அதனால்தான் அவன் அழிவு மக்பெத்தின் அழிவைவிட என்னை அதிகம் உலுக்குகிறது.

இப்போது போட்டிகளுக்காகவும் விழாக்களுக்காகவும் கூத்தைச் சுருக்குகிறோம். சுருக்குவதில் எனக்கு வருத்தமில்லை. விடியவிடிய ஆடியதை வித்தியானந்தனும் சுருக்கித்தானே மேடைக்குக் கொண்டுவந்தார்? எதை வெட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. கொலுவரவு இருக்கிறது, போர் ஆட்டம் இருக்கிறது, மத்தளம் அதிர்கிறது. மண்டோதரிக்கு இரண்டு வரி மிஞ்சுகிறது. கும்பகர்ணன் எழும்பினதும் போருக்குப் போய்விடுகிறான்.

வாவிக்கரைக் கிராமமொன்றில் மண்டோதரிக்கும் இராவணனுக்குமான தர்க்கத்தை முழுதாக ஆடக் கண்டேன். மண்டோதரியாக வந்த இளைஞன் ஆட்டத்தை நிறுத்தி, தாளத்தை இறக்கி, விருத்தத்தில் கெஞ்சினான். இராவணன் முதலில் அவளைப் பார்த்து நின்றான். ஒரு கணம் இணங்கிவிடுவான் போலிருந்தது. பிறகு சதங்கை ஒலிக்கத் திரும்பிக்கொண்டான். எனக்குப் பின்னால் பாயில் இருந்த பெண்ணொருவர், “இவன் ஒருத்தர்ர சொல்லும் கேக்கமாட்டான்கா” என்றார். நாடக இலக்கணம் படிக்காத அந்த மனுசிக்கு அவலநாயகன் யாரென்று நன்றாகவே விளங்கியிருந்தது.

அந்த ஒரு கணத்தை எடுத்துவிட்டால் இராவணன் வெறும் முரடனாகிவிடுவான்; இல்லாவிட்டால், இன்று சிலர் விரும்புவதுபோல, குற்றமே இல்லாத வீரனாகிவிடுவான். இரண்டுமே அவனைச் சிறுமைப்படுத்துவதுதான்.

அண்ணாவிமாரையும் கூத்துப் பழக்கும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: நேரம் போதாவிட்டால் போர் ஆட்டத்தில் இரண்டு சுற்றைக் குறையுங்கள். மண்டோதரியை முழுதாகப் பாடவிடுங்கள்.