மருந்துச் சீட்டில் இல்லாத ஒரு வரி

சென்ற மழைக்காலத்தில் ஆஸ்துமா கடுமையாகி, மூன்று மாதங்களுக்குள் இரண்டாம் முறையாக எங்கள் பிரிவில் ஒரு மூதாட்டி சேர்க்கப்பட்டார். இன்ஹேலரை முறையாகவே பயன்படுத்தி வந்தவர். வழக்கமான கேள்விகள் முடிந்தபின், "அம்மா குளிக்கும் அறையில் சன்னல் இருக்கிறதா?" என்று அவருடைய மகனிடம் கேட்டேன். "இருக்கிறது டாக்டர். கொசு வருகிறதென்று பலகை வைத்து அடைத்துவிட்டோம்" என்றார். குளியலறையை ஒட்டியே அம்மாவின் கட்டில். இடைச்சுவர் முழுவதும் கறுப்புப் புள்ளிகள். முதல் முறை வந்தபோதே இதை நான் கேட்டிருக்க வேண்டும்.

நம் பழைய வீடுகளில் குளியல் கொல்லைப்புறத்தில், கிணற்றடியில் இருந்தது. முதியோரின் வசதிக்காக அது வீட்டுக்குள் வந்தது நல்ல மாற்றமே. ஆனால் தண்ணீரை உள்ளே கொண்டுவந்த நாம், ஈரம் வெளியேற வழி அமைக்க மறந்தோம். சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய சுவர் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்ட் பூசிப் பெயிண்ட் அடிக்கும்போது, உட்புகுந்த நீர் சுவருக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

ஈரம் தங்கும் இடத்தில் பூஞ்சை வளரும். அதன் நுண்ணிய வித்துகள் காற்றில் கலந்து மூச்சுக்குழாயைச் சென்றடையும். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு ஆஸ்துமாவும் சுவாசக் கோளாறுகளும் மிகுதி என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலேயே தெளிவாகக் கூறியிருக்கிறது. ஆகவே, குளியலறைக் காற்றோட்டத்தையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும் என்பது என் கருத்து.

பலர் முதலில் செய்வது, கறை தெரியாமல் பெயிண்ட் அடிப்பது. அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. முதலில் குழாய்க் கசிவையும் டைல்ஸ் இடுக்குகளையும் சரிசெய்யுங்கள். அடுத்து, அடைத்த சன்னலைத் திறந்து கொசுவலை பொருத்துங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால், அது வெளிப்புறத்தை நோக்கி இருக்கட்டும். குளித்தபின் இருபது, முப்பது நிமிடங்கள் ஓடட்டும். கதவின் அடியில் விரலளவு இடைவெளி இல்லையேல் ஃபேன் இழுப்பதற்குக் காற்று கிடைக்காது. மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரமாக இருக்குமாதலால், சுவரையும் தரையையும் வைப்பரால் வழித்துவிடுவது பெரிதும் உதவும். ஈரத்துணிகளை அங்கே உலர்த்த வேண்டாம். பூஞ்சையைத் துடைக்கும் பணியை நோயாளி செய்யலாகாது. செய்பவர் முகக்கவசம் அணிய வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். வெளிவரும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் பொருத்தாதீர்கள். காற்றோட்டமற்ற அறையில் அது எரியும்போது சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. குளிக்கச் சென்றவர் மயங்கி உயிரிழக்கவும் நேரிடும்.

"வாடகை வீடு டாக்டர், உரிமையாளர் சம்மதிக்கமாட்டார்" என்று சிலர் தயங்குவதை அறிவேன். சுவரை இடிக்கச் சொல்லவில்லை. பலகையை எடுத்துவிட்டு வலை அடிக்கவே சொல்கிறேன். கசிவைச் சீராக்க மறுப்போரிடம் காட்ட, நோயாளியின் உடல்நிலையைக் குறித்து ஒரு கடிதம் கேளுங்கள். எழுதித் தருவது எங்கள் கடமை. அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது, மருந்துகளோடு உங்கள் குளியலறைச் சுவரின் படத்தையும் கைப்பேசியில் எடுத்து வாருங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்களே காட்டுங்கள்.