குதிரை நடந்த செய்யுள்

சிவகிரிப் பக்கம் கவி என்றால் முதலில் காவடிச்சிந்துதான் நினைவுக்கு வரும். அதைப் பாடிய அண்ணாமலை ரெட்டியார் சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்துக்காரர். அவர் சந்தத்தில் ஓர் எழுத்தை இடம் மாற்றினால் அடி முழுக்கச் சாய்ந்துவிடும். செஸ் வீரர்கள் குகேஷும் பிரக்ஞானந்தாவும் வந்த பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் செஸ் பலகையும் கையுமாகத் திரிகிறார்கள். சந்தம் பிடித்த காதுக்கு இந்த ஆட்டமும் பிடிக்கும் என்பது என் கட்சி.

சாட்சிக்கு டெல்லி போகலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு உருதுக் கவிஞர் மோமின் யுனானி வைத்தியர், சோதிடர், அதற்கு மேல் பேர்போன சதுரங்கக்காரர். அவர் காலத்தவரான காலிப்புக்கும் சதுரங்கத்தில் பித்து உண்டு, சொக்கட்டானிலும் உண்டு. சூதாட்ட வழக்கில் 1847இல் சிறைக்கே போனார். ரஷ்யாவில் பிறந்த எழுத்தாளர் நபக்கோவ் 1970 வாக்கில் ஒரு நூல் வெளியிட்டார்: 53 கவிதைகள், கூடவே அவரே அமைத்த 18 சதுரங்கப் புதிர்கள். இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைக்க அவர் கூசவில்லை.

ஆனால் இவர்கள் எல்லாரும் கவிதையை ஒரு கையிலும் காயை மறு கையிலும் வைத்திருந்தவர்கள். பலகையையே கவிதைக்குள் கொண்டுவந்தவர் நம்மவர். காஞ்சிபுரம் தூப்புலில் 1268இல் பிறந்த வேதாந்த தேசிகர்.

அரங்கனின் பாதுகைகள் மேல் அவர் பாடிய பாதுகா சஹஸ்ரத்தில் 1008 சுலோகங்கள். ஒரே இராத்திரியில் பாடினார் என்பது வைணவ மரபு. அதில் சித்திர பத்ததி என்ற பகுதியில் 929, 930 என்று இரண்டு சுலோகங்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவதில் 32 எழுத்துகள். எட்டெட்டாக நாலு வரிசையில் எழுதினால் அரைப் பலகை. முதல் கட்டத்தில் குதிரையை நிறுத்தி, ‘ட’ போட்டுத் தாவித் தாவி, போன கட்டத்துக்கு மறுபடி போகாமல், மிதித்த எழுத்தை வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் அடுத்த சுலோகம் முழுசாக வந்துவிடுகிறது!

குதிரை நடைச் செய்யுளைத் தொடங்கியது அவரல்ல. காஷ்மீரத்து ருத்ரடர் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே செய்திருக்கிறார். ஆனால் அவருடையதில் குதிரை சுற்றிவந்தால் பழைய செய்யுளேதான் திரும்ப வரும். தேசிகர் குதிரை புதுச் செய்யுளோடு வருகிறது. கணித மேதை ஆய்லர் இந்தக் குதிரைச் சுற்றை ஆராய்ந்ததே 1759 வாக்கில்தான்.

இதெல்லாம் வித்தை, கவிதையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாகபந்தம், ரதபந்தம் என்று நம் புலவர்கள் கட்டிய சித்திரக்கவிகளில் பாதி வெறும் கட்டம். தேசிகரின் இரண்டாவது சுலோகமும் உரையில்லாமல் யாருக்கும் பிடிபடாது. ஆனால் முதலாவது, அரங்கன் திருவடிக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர் என்று பாதுகையிடம் கேட்கும் உருக்கமான வேண்டுதல். அந்த வேண்டுதலுக்குள்ளேயே 31 தாவலையும் மறைத்து வைத்தவரைச் சதுரங்கக்காரர் என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது? கட்டுப்பாடு கவிதைக்குப் பகை என்று மேடைக்கு மேடை முழங்கும் இளங்கவிகள் இந்த இரண்டு சுலோகங்களையும் ஒருமுறை எழுத்துக் கூட்டியாவது பார்க்கலாம்.

உங்களுக்கும் ஒரு வேலை. நாலுக்கு எட்டுக் கட்டம் போட்டு, இடது மேல் மூலையில் குதிரையை வையுங்கள். இரண்டாம் வரிசை மூன்றாம் கட்டம், முதல் வரிசை ஐந்து, இரண்டாம் வரிசை ஏழு, நாலாம் வரிசை எட்டு, மூன்றாம் வரிசை ஆறு, நாலாம் வரிசை நாலு. தேசிகர் போன வழி இது. மிச்சம் 25 தாவல் உங்கள் பாடு. எல்லாக் கட்டமும் சுற்றிவிட்டுக் கடைசித் தாவலில் புறப்பட்ட மூலைக்கே திரும்பவேண்டும் என்று மட்டும் ஆசைப்படாதீர்கள்; நாலு வரிசைப் பலகையில் அது கணக்குப்படியே முடியாது.