சோற்றுப் போசிக்குப் பதில் மருந்து பாட்டில்: பை மாறிப்போனால் என்ன செய்வது?

“வாழைக்கு அடிக்க வைத்திருந்த மருந்தை ஜூஸ் பாட்டிலில் வாங்கி வந்தேன். அவசரத்தில் பை மாறி, அது பையனோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. மருந்து கையில் பட்டால் கழுவினால் மட்டும் போதுமா? பாட்டிலில் மீதி இருக்கும் மருந்தைத் தெளிக்கலாமா? இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன வழி? வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பெயர் போட வேண்டாம்.”
- ஒரு வாசகி, பரமத்தி வேலூர்.

ராஜவாய்க்கால் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் பூவன் வாழை, கொஞ்சம் தென்னை, இரண்டு கறவை மாடு. இதுதான் இந்த வாசகியின் பண்ணையம். கணவர் லாரி ஓட்டுநர். லைனுக்குப் போனால் திரும்பி வர பதினைந்து நாள், இருபது நாள் ஆகும். அதுவரை தோட்டம், மாடு, இரண்டு பிள்ளைகள், வங்கி, சந்தை எல்லாம் அவர் ஒருவர் பொறுப்புதான்.

வாழையில் தண்டுக்கூன்வண்டு தெரிய ஆரம்பித்திருந்தது. பக்கத்துத் தோட்டத்து அக்கா, “எங்ககிட்ட மிச்சம் இருக்குது அம்மிணி. புதுசா எதுக்குக் காசு போட்டு வாங்கற?” என்று சொல்லி, கால் லிட்டர் போல ஒரு காலி மாம்பழ ஜூஸ் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். முதல் நாள் இரவு அது ஒரு மஞ்சப்பைக்குள் போய், அடுக்களைத் திண்டில் உட்கார்ந்தது.

மறுநாள் காலை வழக்கமான காலைதான். பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றி, சோறாக்கி, சின்னவளுக்குத் தலை சீவி, பெரியவனுக்குப் போசியில் தயிர்ச்சோறும் உருளைக்கிழங்கும் கட்டி, அதையும் ஒரு மஞ்சப்பையில் வைத்தார். வண்டியின் முன்கொக்கியில் ஒரு பை, கைப்பிடியில் ஒரு பை. நகைக்கடன் வட்டி கட்ட வங்கிக்குப் போக வேண்டும். வாழைத்தார் பாக்கிப் பணம் வாங்க ஏலக்கடைக்குப் போக வேண்டும். மாட்டுக்குத் தவிடு எடுக்க வேண்டும். பள்ளி வாசலில் மணி அடித்துவிட்டது. கைக்கு வந்த பையை எடுத்து மகன் தோளில் மாட்டி, “ஓடு சாமி, ஓடு” என்று அனுப்பிவிட்டார்.

பகல் முக்கால் மணிக்குத் தோட்டத்துக்கு வந்தவர், மோட்டார் ரூமில் மாட்டி வைக்கலாம் என்று பையை எடுத்தார். உள்ளே போசி இருந்தது. திறந்தால் தயிர்ச்சோறு. ஒரு நிமிடம் எதுவும் புரியவில்லை. புரிந்ததும் கைபேசியை எடுத்துப் பார்த்தார். பள்ளியிலிருந்து மூன்று அழைப்புகள் வந்திருந்தன. ஏலக்கடை இரைச்சலில் ஒன்றுகூடக் காதில் விழவில்லை.

பள்ளியில் நடந்தது இது. மதியம் பையைத் திறந்த பையனுக்குச் சந்தோஷம். சோறு இல்லாமல் ஜூஸ் மட்டும் இருந்தது. “எங்கம்மா ஜூஸ் குடுத்துவிட்டிருக்காங்க” என்று நண்பர்களிடம் காட்டி, மூடியைத் திறந்தான். நாற்றம் தூக்கியது. பக்கத்தில் இருந்த பையன், “இது ஜூஸ் இல்லடா, எங்க தோட்டத்துல அடிக்கற மருந்து” என்று சொல்லிவிட்டு மிஸ்ஸைக் கூப்பிட ஓடினான். மிஸ் பாட்டிலைப் பிடுங்கி வைத்து, பையனின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அம்மாவுக்குப் போன் செய்தார்.

தலைமை ஆசிரியர் அறைக்கு அவர் மூச்சு வாங்கப் போய் நின்றபோது, அங்கே வேறு நான்கைந்து பெற்றோர் இருந்தார்கள். மேசை மேல் அந்த பாட்டில். “பையன் நல்லா இருக்கான், முதல்ல உட்காருங்க” என்று மிஸ் சொன்னார். ஆனால் மற்றவர்கள் பார்த்த பார்வைதான் அவருக்கு இன்னும் மறக்கவில்லை. “பிள்ளைக்குச் சோறு எது, மருந்து எதுன்னு தெரியாதா?” என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது நன்றாகவே கேட்டது.

அதைவிடப் பெரிய பாடம் அரசு மருத்துவமனையில் காத்திருந்தது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன மருந்து?” வாசகி சொன்ன பதில், “வாழை மருந்துங்க.” “பேரு என்ன?” தெரியவில்லை. பாட்டிலில் மாம்பழப் படம்தான் இருந்தது. பக்கத்துத் தோட்டத்து அக்கா கல்யாண வீட்டில் இருந்தார். அவரைப் பிடித்து, அவர் வீட்டில் ஆளைத் தேடி, பழைய டப்பாவில் இருந்த பெயரைப் படிக்கச் சொல்லிக் கேட்க முக்கால் மணி நேரம் ஆனது. குளோர்பைரிபாஸ். பையன் குடிக்கவில்லை, விரலில் பட்டது மட்டும்தான். மாலை வரை வைத்துப் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாய் குடித்திருந்தால் அந்த முக்கால் மணி நேரம் எப்படிப் போயிருக்கும் என்பதுதான் அவரைத் தூங்கவிடாத கேள்வி.

கையில் பட்டால் என்ன செய்வது?

மிஸ் செய்தது சரி. தோலில் பட்ட உடனே சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். நக இடுக்கு, விரல் இடுக்கு விட்டுப்போகக் கூடாது. சட்டையில் பட்டிருந்தால் அந்தச் சட்டையை உடனே கழற்ற வேண்டும். துணியில் ஊறிய மருந்து தோல் வழியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அந்தத் துணியை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. கண்ணில் தெறித்தால் சுத்தமான தண்ணீரால் 15 நிமிடமாவது கண்ணைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

கழுவியதோடு விட்டுவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் சரியே. குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ், புரோபனோபாஸ் போன்றவை கரிம பாஸ்பரஸ் வகை. இவை நரம்புக்கும் தசைக்கும் நடுவே நடக்கும் வேலையைக் கெடுக்கும். வாயில் எச்சில் ஊறுதல், வியர்வை, கண்ணில் நீர் வடிதல், கண்மணி சுருங்குதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தசை துடித்தல், மூச்சுத் திணறல் ஆகியவை இதன் அடையாளங்கள். இவை உடனே தெரியலாம், சில மணி நேரம் கழித்தும் தெரியலாம். குழந்தைகளின் உடல் எடை குறைவு என்பதால், பெரியவர்களுக்குச் சின்ன அளவாகத் தெரிவதுகூட அவர்களுக்குப் பெரிய அளவு.

குடித்துவிட்டால் உப்புக் கரைசல், புளிக்கரைசல், சோப்புத் தண்ணீர் என்று எதையும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. குளோர்பைரிபாஸ் போன்ற திரவ மருந்துகளில் பெட்ரோலிய எண்ணெய் வகைக் கரைப்பான்கள் சேர்ந்திருக்கும். வாந்தியில் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரல் கெட்டுவிடும். பால் கொடுப்பதும் வேண்டாம். 108-ஐ அழைக்க வேண்டும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையம் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை சொல்கிறது.

லேபிள் எதற்கு?

மருந்து டப்பாவின் லேபிள் கடைக்காரருக்கான காகிதம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விபத்து நடக்கும்போது அதுதான் மருத்துவருக்கு முதல் தகவல். மருந்தின் பெயர், நச்சின் அளவு, முறிவு மருந்து எல்லாம் அதில் இருக்கும். கரிம பாஸ்பரஸ் நஞ்சுக்கு அட்ரோபின் என்ற முறிவு மருந்து உண்டு. பாராகுவாட் களைக்கொல்லிக்கு முறிவு மருந்தே கிடையாது, சிகிச்சையும் வேறு மாதிரி. எது என்று தெரியாமல் மருத்துவர் எங்கிருந்து தொடங்குவார்?

லேபிளில் சாய்சதுரமாக ஒரு கட்டம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் கடும் நஞ்சு. அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சைக்கும் நஞ்சு குறைவு என்றுதான் பொருள், இல்லவே இல்லை என்று பொருள் அல்ல. ஜூஸ் பாட்டிலுக்கு மாற்றிய நிமிடமே இந்த எச்சரிக்கை முழுவதும் காணாமல் போகிறது.

ஜூஸ் பாட்டில் ஆபத்து நம் ஊரில் மட்டும் உள்ளது அல்ல. பாராகுவாட் சந்தைக்கு வந்த காலத்தில், குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்ததைத் தவறுதலாகக் குடித்துப் பல நாடுகளில் உயிர்கள் போயின. அதற்குப் பிறகுதான் அதில் நீலச் சாயமும், துர்நாற்றம் தரும் பொருளும், வாந்தி வரவைக்கும் பொருளும் சேர்த்தார்கள். பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் 2013 ஜூலை 16 அன்று பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது தடயவியல் சோதனையில் தெரிந்தது. மருந்து இருந்த டப்பாவில் எண்ணெய் வைத்திருக்கலாம் என்றுதான் அப்போது அதிகாரிகள் சந்தேகித்தார்கள். மருந்து உணவுப் பாத்திரத்துக்குப் போனாலும், உணவு மருந்துப் பாத்திரத்துக்கு வந்தாலும் முடிவு ஒன்றுதான்.

மீதி மருந்தை என்ன செய்வது?

வாய்க்காலிலோ சாக்கடையிலோ ஊற்றக் கூடாது. கிணற்றடியில், போர்வெல் பக்கத்தில் கொட்டவும் கூடாது. ஜேடர்பாளையத்தில் பிரியும் ராஜவாய்க்கால் தண்ணீரை நம்பி வாழை மட்டுமா இருக்கிறது, வெற்றிலைக் கொடிக்காலும் மாடுகளும் இருக்கின்றன.

இந்த வாசகிக்கு இப்போது மருந்தின் பெயர் தெரிந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து டப்பாவில் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். தேதி இருந்தால், அந்த லேபிளில் வாழைக்கும் இந்தப் பூச்சிக்கும் பரிந்துரை உண்டா என்று பார்த்து, அதில் சொன்ன அளவில் கையுறை, முகக்கவசத்தோடு தெளித்து முடித்துவிடலாம். பரிந்துரை இல்லை, தேதி முடிந்தது, அல்லது சந்தேகம் என்றால் தெளிக்க வேண்டாம். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு அப்புறப்படுத்த வேண்டும். அதுவரை பாட்டிலைப் பெயர் எழுதி, பூட்டி வைக்க வேண்டும்.

தெளித்து முடித்ததும் பாட்டிலை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்ற வேண்டும். பிறகு யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி ஓட்டை போட்டுவிட வேண்டும். எரிக்கக் கூடாது. டேங்கில் கலந்த குளோர்பைரிபாஸ் பால் போல வெள்ளையாக இருக்கும். அதை வாளியிலோ சொம்பிலோ மிச்சம் வைத்தால் மோர் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

தண்டுக்கூன்வண்டுக்கு மருந்து மட்டுமே வழி என்றும் இல்லை. காய்ந்த இலைச் சருகுகளை அவ்வப்போது அறுத்துவிட வேண்டும். தார் வெட்டிய மரத்தை அப்படியே நிற்க விடக் கூடாது. வாழைத்தண்டை நீளவாக்கில் பிளந்து, வெட்டிய பக்கம் தரையைப் பார்க்கும்படி ஆங்காங்கே போட்டால் வண்டுகள் வந்து கூடும். அவற்றைப் பொறுக்கி அழிக்கலாம். அந்தத் தண்டில் பெவேரியா பேசியானா என்ற பூஞ்சாணத்தைத் தடவி வைக்கும் முறையும் உண்டு.

இனி நடக்காமல் இருக்க...

‘கவனமாக இருங்கள்’ என்று சொல்வது எளிது. காலை எட்டரை மணிக்கு ஐந்து வேலையைத் தலையில் சுமக்கிற தாய்க்குப் பை மாறத்தான் செய்யும். இன்று இல்லாவிட்டால் இன்னொரு நாள் மாறும். அன்று மாறிப்போன பையில் சீப்பு வாழைப்பழமோ வங்கிப் புத்தகமோ இருந்திருந்தால், வீட்டில் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். மாற்ற வேண்டியது, மருந்து வீட்டுக்கு வந்த விதத்தை.

மருந்தைச் சில்லறையாக ஊற்றி வாங்கக் கூடாது. அக்கம்பக்கத்தில் கொடுத்து வாங்கினால் லேபிளோடு மூல டப்பாவையே வாங்க வேண்டும். தேவை கொஞ்சம்தான் என்றால், சிறிய அளவில் அடைத்து வரும் பாக்கெட்டையோ பாட்டிலையோ கடையில் கேட்டு, பில் போட்டு வாங்கலாம். மருந்துக்கும் உணவுக்கும் ஒரே மாதிரிப் பை ஆகாது. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளியை மருந்துக்கென்றே ஒதுக்கிவிடலாம். வாளியை யாரும் குழந்தையின் தோளில் மாட்ட மாட்டார்கள். மருந்து அடுக்களைப் பக்கமே வரக் கூடாது. மோட்டார் ரூமில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பூட்டு போட்ட பெட்டியில்தான் இருக்க வேண்டும். பிள்ளைகள் முன்னால் ‘மருந்து’ என்று சொல்லும் பழக்கத்தையும் விடலாம். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, வண்டுக்கு அடிப்பதும் மருந்து என்றால் குழந்தை எப்படிப் பிரித்துப் பார்க்கும்? ‘விஷம்’ என்றே சொல்லிப் பழக்கலாம்.

கூச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வாசகி அன்று கூச்சப்பட்டு, “ஏதோ சோப்புத் தண்ணிங்க” என்று பள்ளியிலோ மருத்துவமனையிலோ சொல்லியிருந்தால், அது பை மாறியதைவிடப் பெரிய தவறாகியிருக்கும். இருப்பதை இருப்பதாகச் சொன்னார். மருந்தின் பெயர் தெரியும் வரை விடாமல் தேடினார். கணவரிடமும் அன்றிரவே போனில் சொல்லிவிட்டாராம். திட்டு வாங்கிய பிறகு, லாரி கேபினில் குளிர்பான பாட்டிலில் தான் வைத்திருந்த பேட்டரித் தண்ணீரை அவர் எடுத்துக் கொட்டியதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறார்.

பக்கத்துத் தோட்டத்து அக்காவும் இப்போது யாருக்கும் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதில்லை. பையன் மட்டும் தினமும் பள்ளி வாசலில் பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறான். “சோறுதாங்கம்மா” என்று அவன் கத்திச் சொல்லும்போது பக்கத்தில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அவரும் இப்போது சேர்ந்து சிரிக்கிறாராம்.