எண் உயர்ந்தால் விதி முடிந்ததா?

கலகெதரவிலிருந்து கண்டிக்குச் செல்லும் காலை பஸ்ஸில், இரத்தப் பரிசோதனைத் தாளைப் பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டு தேசிய வைத்தியசாலைக்குப் போவோரைக் காணலாம். நிணநீர்ப் புற்றுநோயாளர் ஒருவரின் தாளில் ஓர் எண் உயர்ந்துவிட்டால், அன்றிரவு அவ்வீட்டில் எவர்க்கும் உறக்கமில்லை. அவ்வெண் எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லவில்லை என்பதை இவ்வாரம் நோக்குவோம்.

நிணநீர்க் கணுக்களைப் பற்றும் இந்நோயை 1832ஆம் ஆண்டில் விரித்துரைத்தவர் இலண்டன் மருத்துவர் தோமஸ் ஹொட்ஜ்கின். அதன் வகைகள் பல என்பதை இன்று அறிவோம். சில ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். சில வாரங்களிற் பரவும். ஆதலின், நோயின் வேகத்தை முன்னறியும் குறிகளை அறிஞர் தேடினர்.

அவற்றுள் ஒன்று கொழுப்பைச் சிதைக்கும் நொதியம். லிப்போபுரோட்டீன் லிப்பேஸ் எனும் அது, தசையிலும் கொழுப்பிழையத்திலும் உண்டாகி, குருதியிற் செல்லும் கொழுப்பை உடைத்து உடலுக்கு உதவுவது. நலமுள்ள நிணநீர்க் கலங்கள் அதனை ஆக்குவதில்லை. நிணநீர்ப் புற்றின் உடன்பிறப்பான நாட்பட்ட வெண்குருதிநோய் ஒன்றிலோ, சிலருடைய கலங்கள் அதனை ஆக்குகின்றன. அத்தகையோர்க்குச் சிகிச்சை விரைவில் வேண்டியிருந்ததென 2000ஆம் ஆண்டை அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. இது கலத்தின் மரபணு ஏவும் செயல். தேங்காய்ப்பாற் கறி உண்டதன் பயனன்று.

சாதாரண மருத்துவத் தாளில் நாம் காண்பது இந்நொதியம் அன்று. எல்.டி.எச். எனும் அது, கொழுப்போடன்றி வெல்லத்தின் சிதைவோடு தொடர்புடையது. விரைந்து வளரும் நிணநீர்ப் புற்றுக்களுக்கென 1993ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அனைத்துலகக் குறியீட்டில், வயது, நோயின் நிலை, நோயாளியின் இயக்கத் திறன், கணுக்களுக்கு அப்பால் நோய் பற்றிய இடங்கள் ஆகியவற்றோடு அதுவும் ஒன்று. ஐந்தில் ஒன்றே! ஈரல் நோயிலும் அது உயர்வதுண்டு.

பலரைச் சேர்த்துக் கண்ட கணக்கு, ஒருவரின் நாளைக் குறிக்கும் சாதகமாகாது. எவருக்கு எச்சிகிச்சை, எத்துணை விரைவில் என்பதை மருத்துவர் தீர்மானிக்கவே குறிகள் உதவுகின்றன. கழுத்திலோ அக்குளிலோ நோவற்ற வீக்கம் சில வாரங்கள் தணியாதிருப்பின், அதனை மறையாது மருத்துவரிடம் காட்டுங்கள். தாளிலுள்ள எண்ணை எண்ணி உறக்கமிழப்பதினும், அதன் பொருளை மருத்துவரிடமே கேட்டறிவது அறிவுடைமை.