நேர்முகத் தேர்வில் கேட்கக் கூடாதவை

வேலைக்கான நேர்முகத் தேர்வில் "கல்யாணம் எப்போ? குழந்தை உண்டா?" என்று பெண்களைக் கேட்பது முறையற்றது. ஆண்களிடம் இக்கேள்வி எழுவதே அரிது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் வேலைக்குச் சேரும் பெண்களுக்கான படிவம் ஒரு காலத்தில் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை முறை கருவுற்றார் என்றெல்லாம் கேட்டது. மகப்பேறு விடுப்புக்குப் பின் அக்கழகத்தில் வேலையிழந்த நீரா மாத்தூர் தொடுத்த வழக்கில், அவரை மீண்டும் பணியில் சேர்க்க 1991-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கூச்சமும் அவமானமும் தரும் அக்கேள்விகளை நீக்கவும் சொன்னது. படிவத்தில் தடுக்கப்பட்டது இன்று வாய்மொழியாக வருகிறது. எழுத்தில் எதுவும் இல்லாததால் புகார் செய்தாலும் நிரூபிப்பது கடினம். கேட்கும் கேள்விகளை முன்கூட்டியே எழுதிவைத்து, அவற்றின் நகலை விண்ணப்பதாரருக்குத் தருவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.